உங்களுக்குத் தெரியுமா? கிரியூவுக்கு எத்தனை கடைசி!

போன சனிக்கிழமை ராத்திரி இரண்டேகால் மணிக்கு ‘யாகுசா 6’ முடிந்தது. திரையில் பெயர்ப் பட்டியல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கன்ட்ரோலரைக் கீழே வைக்க மனசு வராமல், தானாக விளக்கணையும்வரை மடியிலேயே வைத்திருந்தேன். ‘ஜீரோ’வில் ஆரம்பித்து ஒன்று, இரண்டு என்று வரிசையாக மொத்தம் ஏழு கேம்கள். இரண்டு வருஷ சனி ஞாயிறுகள் போன இடம் அதுதான். ஆகவே இந்த வாரப் பகுதி முழுக்க ஜப்பான் ரவுடிதான். கேம் பக்கமே போகாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். சீட்டுக்கட்டு வரும், போர்க்கப்பல் வரும், பூனையும் வரும்.

● ‘யாகுசா’ என்பது ஒரு தோற்ற ஆட்டத்தின் பெயர். ஜப்பானில் ஓய்ச்சோ-கபு என்று ஒரு சீட்டாட்டம் உண்டு. கையில் வந்த சீட்டுகளைக் கூட்டி, கடைசி இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஒன்பது வந்தால் ராஜா. எட்டு, ஒன்பது, மூன்று வந்தால்? கூட்டினால் இருபது, கடைசி இலக்கம் பூஜ்யம். எட்டுக்கு ‘யா’, ஒன்பதுக்கு ‘கு’, மூன்றுக்கு ‘சா’. அதாவது ஒன்றுக்கும் உதவாதவன், செல்லாக்காசு. ஊர் தூக்கிப் போட்டவன் என்ற அந்தப் பெயரைத்தான் ஜப்பான் ரவுடிகள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஜப்பானில் இந்த கேமுக்கு அந்தப் பெயரே கிடையாது. அங்கே ‘ரியூ கா கோடோகு’, டிராகனைப் போல என்று பொருள். மேற்கு நாடுகளில் விற்க வந்தபோது ‘யாகுசா’ ஆக்கினார்கள். 2022-ல் அதைக் கைவிட்டு, அசல் பெயரின் நேர் ஆங்கிலமான ‘லைக் எ டிராகன்’ என்றே மாற்றிக்கொண்டார்கள். பதினாறு வருஷம் கழித்து வந்த புத்தி.

● முதல் பாகம் பிளேஸ்டேஷன் 2-ல் வெளியான நாள் 2005 டிசம்பர் 8. ஹீரோ கிரியூ கசுமாவின் கடைசிக் கதை என்று விளம்பரம் செய்யப்பட்ட ஆறாம் பாகம் ஜப்பானில் வெளியான நாள் 2016 டிசம்பர் 8. செகா நிறுவனத்தில் யாரோ காலண்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

● அந்த ஆறாம் பாகம் மேற்கே போய்ச் சேர 2018 ஏப்ரல் 17 ஆயிற்று. அதற்குள் பிப்ரவரியில் ஒரு கூத்து. மாதிரிக்கு ஆடிப் பாருங்கள் என்று இலவச டெமோ ஒன்றை விட்டார்கள். பந்திக்கு முன்னால் பாயசம் ருசி பார்க்கக் கொடுத்தவன் அண்டாவையே திறந்து வைத்துவிட்ட கதையாக, சிலருக்கு அந்த டெமோவிலேயே முழு கேமும் திறந்துகொண்டது. விஷயம் தெரிந்ததும் அவசர அவசரமாக எடுத்துவிட்டார்கள்.

● கேம் ஹீரோக்களுக்கு வயசு ஏறுவதில்லை. மாரியோ இன்றைக்கும் அதே மீசை, அதே குதிப்பு. கிரியூ அப்படி இல்லை. அவன் பிறந்தது 1968 ஜூன் 17 என்று கதையிலேயே இருக்கிறது. பெரும்பாலான பாகங்களின் கதை, அவை வெளியான காலத்திலேயே நடக்கிறது. முதல் பாகத்தில் அவனுக்கு முப்பத்தேழு, ஆறாம் பாகத்தில் நாற்பத்தெட்டு. முதல் பாகத்தில் ஒன்பது வயதுச் சிறுமியாக அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த ஹருகா, ஆறில் கைக்குழந்தைக்குத் தாய். அவளை வளர்த்தவனுக்கு அந்தக் குழந்தை இருப்பதே தெரியாது. மூன்று வருஷம் சிறையில் இருந்துவிட்டு வருகிறான். அவள் வீட்டைவிட்டுப் போயிருக்கிறாள். பிறகு கார் மோதி நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். குழந்தை மட்டும் பிழைத்திருக்கிறது. கதை தொடங்குவதே அங்கேதான்.

ஊருக்கும் வயசாகிறது. இதுதான் எனக்கு இந்தத் தொடரில் ரொம்பப் பிடித்த விஷயம். எல்லாப் பாகத்திலும் அதே காமுரோச்சோ, அதே நான்கைந்து தெரு. ‘ஜீரோ’ 1988 டிசம்பரில் நடக்கிறது. எல்லார் இடுப்பிலும் பேஜர், தெருவெல்லாம் குப்பை மூட்டை. அங்கே ஆட்டத்தை சேவ் செய்ய வேண்டுமானால் பொதுத் தொலைபேசிக் கூண்டுக்குள் போக வேண்டும். உடம்பில் உயிர் கொஞ்சம்தான் ஒட்டிக்கொண்டிருக்கும், பின்னால் நாலு பேர் துரத்துவார்கள், நான் டெலிபோன் பூத்தைத் தேடி ஓடுவேன். ஆறாம் பாகத்தில் அந்த வேலை இல்லை. கிரியூ சட்டைப் பையிலிருந்து ஸ்மார்ட்போனை எடுக்கிறான், நின்ற இடத்தில் சேவ். வசதிதான். ஆனாலும் முதல் ஒரு மணி நேரம் கால் பழைய பூத் இருந்த மூலைக்கே போய் நின்றது.

● காமுரோச்சோ கற்பனைப் பெயர். அதன் அச்சு டோக்கியோ ஷிஞ்சுகுவில் இருக்கும் காபுகிச்சோ. சரி, காபுகிச்சோவில் காபுகி அரங்கம் எங்கே? கிடையாது. இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் எரிந்துபோன அந்தப் பகுதியை மீண்டும் கட்டும்போது ஒரு பெரிய காபுகி நாடக அரங்கம் வருவதாகத் திட்டம். அதை நம்பி 1948-ல் பெயரையும் வைத்துவிட்டார்கள். அரங்கம் வரவே இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. மதுக்கூடமும் சிவப்பு நியானும் வந்து உட்கார்ந்துகொண்டன.

இன்னொன்று. கேமில் 2005-லிருந்தே ஊர் நடுவில் ‘மில்லேனியம் டவர்’ என்று வானுயரக் கட்டடம் ஒன்று நிற்கிறது. பல பாகங்களில் பெரிய சண்டை அதன் உச்சியில்தான். நிஜக் காபுகிச்சோவில் அப்போது அப்படி ஒன்று இல்லை. 2023 ஏப்ரலில் 225 மீட்டர் உயரத்தில், 48 மாடியில் ஒரு கோபுரம் திறந்தார்கள். கற்பனை பதினெட்டு வருஷம் முந்திக்கொண்டது.

● முதல் பாகத்தின் கதையை மேற்பார்வை பார்த்தவர் ஹசே செய்ஷூ என்ற குற்றக்கதை எழுத்தாளர். 2020-ல் ஜப்பானின் நவோகி பரிசு வாங்கியவர். அது அவருடைய புனைபெயர். ஜப்பானிய எழுத்தில் அதைத் தலைகீழாகப் படித்தால் ஹாங்காங் நகைச்சுவை நடிகர் ஸ்டீபன் சௌவின் சீனப் பெயர் வரும். ரத்தமும் கத்தியுமாக எழுதுகிறவர் யாருடைய ரசிகர் பாருங்கள்.

● தொடரை உருவாக்கிய தோஷிஹிரோ நகோஷி அதற்கு முன் செய்தவை ‘டேடோனா யுஎஸ்ஏ’ கார்ப் பந்தயமும், குரங்கைப் பந்துக்குள் அடைத்து உருட்டும் ‘சூப்பர் மங்கி பால்’ விளையாட்டும். அந்தக் குரங்கு பொறுக்கும் வாழைப்பழத்தில் டோல் கம்பெனி ஸ்டிக்கர்கூட இருக்கும். நகோஷி 2021-ல் செகாவைவிட்டு வெளியேறினார்.

● முதல் பாகத்தின் ஆங்கிலக் குரல்களில், ஒற்றைக் கண் பைத்தியக்கார தாதா மஜிமாவுக்குப் பேசியவர் மார்க் ஹாமில். ஆம், ‘ஸ்டார் வார்ஸ்’ லூக் ஸ்கைவாக்கர்தான். பணத்தைக் கொட்டியும் எடுபடவில்லை. அடுத்து வந்த பல பாகங்களில் ஜப்பானியக் குரலும் கீழே ஆங்கில வரியும்தான். நல்லதாகப் போயிற்று. குரோடா தகயாவின் அந்தக் கரகர குரல் இல்லாமல் கிரியூவை நினைத்தே பார்க்க முடியவில்லை. 2020-ல் ஊரில் எல்லார் முகத்தையும் ஒட்டி ஒரு சோகப் பாட்டு வீடியோ சுற்றியதே, ஞாபகம் இருக்கிறதா? அரசியல்வாதி, நடிகர், பூனை யாரையும் விடவில்லை. அதைப் பாடும் குரல் இவருடையதுதான். பாட்டு வருவது ‘ஜீரோ’வின் கரோக்கே பாரில்.

● ஆறாம் பாகத்தில் ஒனோமிச்சி ஊரின் சின்ன தாதா ஹிரோசேவாக வருபவர் தகேஷி கிட்டானோ. முகம், நடை, அரைச் சிரிப்பு எல்லாம் அவருடையதேதான். ‘சொனட்டீன்’, ‘அவுட்ரேஜ்’ என்று யாகுசா படங்களை எடுத்தும் நடித்தும் பேர் வாங்கியவரை, யாகுசா கேமின் கடைசிப் பாகத்துக்கு அழைத்து வந்தது பொருத்தம்தான்.

ஆனால் கிட்டானோவுக்கு கேம் உலகம் புதிதல்ல என்பதுதான் விஷயம். 1986 டிசம்பரில், நிண்டெண்டோவின் ஃபாமிகாமில், ‘தகேஷியின் சவால்’ என்று அவர் யோசனையில் ஒரு கேம் வந்தது. ஜப்பானில் இன்றைக்கும் அதன் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள். ஹீரோ ஓர் ஆபீஸ் குமாஸ்தா. வேலையை ராஜினாமா செய்ய வேண்டும், மனைவியை விவாகரத்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பிறகு ஆட்டம் நகராது. இரண்டாவது கன்ட்ரோலரில் இருக்கும் மைக்கில் நிஜமாகவே பாட வேண்டும். ஒரு புதையல் வரைபடம் கிடைக்கும், அதில் ஒன்றும் எழுதியிருக்காது. எழுத்து தெரிய ஒரு வழி, கன்ட்ரோலரைத் தொடாமல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது. எப்படியோ அத்தனையும் தாண்டி முடித்துவிட்டால்? ‘பிரமாதம்’ என்று திரையில் வரும். அணைக்காமல் ஐந்து நிமிஷம் காத்திருந்தால், இந்த மாதிரி கேமைப் போய் இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொண்டாயே என்று கிட்டானோ கேட்பார்.

முப்பது வருஷம் கழித்து அதே மனிதர், அதே டிசம்பரில், நிஜமாகவே சீரியஸான ஒரு கேமின் கடைசி அத்தியாயத்தில் கண்கலங்க வைக்கிறார். ராத்திரி இரண்டேகாலுக்கு மடியில் கன்ட்ரோலரோடு உட்கார்ந்திருந்தபோது அந்தப் பழைய கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. பதில் சொல்லத் தெரியவில்லை.

● ஒனோமிச்சி நிஜ ஊர். ஹிரோஷிமா மாகாணத்தில், கடலை ஒட்டி மலைச்சரிவில் ஏறும் சந்துகளும் கோயில்களுமாக இருக்கும் துறைமுகம். ஊருக்கு எதிரே குறுகலான கடல், அதைத் தாண்டினால் முகாய்ஷிமா தீவு. சினிமா பார்க்கிறவர்களுக்கு இந்த ஊர் 1953-லேயே தெரியும். யசுஜிரோ ஓஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யில் வயதான தம்பதி பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோவுக்கு ரயில் ஏறுவது இங்கிருந்துதான். பிள்ளைகளுக்கு அவர்களைக் கவனிக்க நேரமில்லை. கிரியூ இதே பயணத்தைத் திருப்பிப் போட்டுச் செய்கிறான். டோக்கியோவிலிருந்து ஒனோமிச்சிக்கு, தன் ரத்தமே இல்லாத ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அதன் அப்பா யார் என்று தேடி. வேண்டுமென்றே செய்தார்களா தெரியாது, ஆனால் அந்தக் கடற்கரைக் காட்சியில் எனக்கு ஓஸு வந்து நின்றார்.

● குழந்தை அழும். அழுதால் ஆட்ட வேண்டும். எந்தப் பக்கம் சாய்க்க, எவ்வளவு மெதுவாக ஆட்ட என்று கன்ட்ரோலரில் பிடித்துக்கொண்டால்தான் அடங்கும். வேகமாக ஆட்டினால் இன்னும் வீறிடும். ஐந்து நிமிஷத்துக்கு முன் சைக்கிளைத் தூக்கி ஒருத்தன் தலையில் இறக்கிய அதே கை. அடியாட்களை அடிக்கும்போது ஒருமுறைகூட வியர்க்காத எனக்கு இதில் வியர்த்தது.

● இவ்வளவு அடித்தும் கிரியூ இதுவரை ஒரு ஆளைக்கூடக் கொன்றதில்லையாம். தயாரித்தவர்கள் கணக்கு அது. சைக்கிளால் அடிபட்டவர்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

● ஐந்தாம் பாகத்தில் கிரியூ, பெயரை மாற்றிக்கொண்டு ஃபுகுவோகாவில் டாக்சி ஓட்டுகிறான். பெரிய தாதா, பழசை மறைத்து, வாடகை வண்டி ஓட்டிக்கொண்டு, அடி வாங்கியும் கை ஓங்காமல். நமக்கு இது 1995 பொங்கலிலேயே பழக்கம், ‘பாட்ஷா’ மாணிக்கம் ஓட்டியது ஆட்டோ என்பது மட்டும்தான் வித்தியாசம். தற்செயல் ஒற்றுமைதான், ஆனால் அந்தக் காட்சியில் நான் விசில் அடித்தது நிஜம்.

● ஒரு பெரிய ரகசியம் அடுத்த பத்தியில் உடைகிறது. விளையாடப் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடலாம்.

ஒனோமிச்சி கடலுக்கடியில் இரண்டாவது யமாட்டோ போர்க்கப்பல் ஒன்று ஒளிந்திருக்கிறது, ஊர்ப் பெரியவர்கள் எழுபது வருஷமாகக் கட்டிக்காக்கும் ரகசியம் அதுதான். கேட்டால் அபத்தம். ஆனால் இந்த ஊரில் சொன்னால் பாதி நம்பத் தோன்றும். நிஜ யமாட்டோ கட்டப்பட்டது இதே மாகாணத்தின் குரே கடற்படைத் தளத்தில், யாரும் பார்க்கக் கூடாது என்று மறைத்து மறைத்துத்தான் கட்டினார்கள். 263 மீட்டர் நீளம், 46 சென்டிமீட்டர் வாய் அகலப் பீரங்கிகள், அதைவிடப் பெரிய பீரங்கி எந்தப் போர்க்கப்பலிலும் இருந்ததில்லை. 1945 ஏப்ரல் 7 அன்று அமெரிக்க விமானங்கள் அதை மூழ்கடித்தன. அதில் சுமார் 3,000 பேர் செத்தார்கள்.

இன்னும் கேளுங்கள். 2005-ல் யமாட்டோவைப் பற்றி ஒரு சினிமா எடுத்தபோது, கப்பலின் ஒரு பகுதியை 190 மீட்டர் நீளத்துக்கு நிஜ அளவிலேயே செட் போட்டார்கள். எங்கே? ஒனோமிச்சியின் முகாய்ஷிமா கப்பல் கட்டும் தளத்தில். ஆக, முதல் ‘யாகுசா’ வெளியான அதே வருஷம் அந்த ஊரில் ஒரு பொய் யமாட்டோ நின்றிருக்கிறது.

● கதை கழுத்தை நெரிக்கும் நேரத்திலும் இந்த கேம் உங்களைச் சும்மா விடாது. ஊரில் திரியும் பூனைகளுக்குத் தீனி போட்டு நட்பாக்கி, பூனையே இல்லாமல் தவிக்கும் ஒரு பூனைக் காபிக் கடைக்கு அனுப்ப வேண்டும். நிஜ ஜப்பானில் இருக்கும் ரைசாப் என்ற ஜிம்மில் சேர்ந்து, சொன்னதை மட்டும் சாப்பிட்டு உடம்பைத் தேற்ற வேண்டும். ஒகாடா கசுச்சிகா, நைட்டோ டெட்சுயா போன்ற நிஜ மல்யுத்த வீரர்கள் எதிரிக் கூட்டமாக வந்து நிற்பார்கள். கிரியூ ஊர்ப் பொம்மை வேஷத்துக்குள் நுழைந்து சிறுவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும். ஹருகா கோமாவில் கிடக்கிறாள், கிரியூ பொம்மை வேஷத்தில். கேட்டால் சிரிப்பு வரும். ஆடும்போது ஏனோ உறுத்தவே உறுத்தாது.

● விளையாட்டுக்குள் விளையாட்டு வேறு. தெருமுனை செகா கடைக்குள் நுழைந்தால் ‘அவுட் ரன்’, ‘ஸ்பேஸ் ஹாரியர்’, ‘ஃபேண்டஸி ஸோன்’, ‘புயோ புயோ’ எல்லாம் முழுசாக ஓடும். கடைசிச் சண்டைக்கு முன் ‘அவுட் ரன்’னில் இரண்டு மணி நேரம் சிவப்புக் கார் ஓட்டினேன். முடிக்க மனமில்லாதவன் செய்கிற வேலை அது.

● 2010-ல் நிருபர் ஜேக் அடெல்ஸ்டீன், மூன்று நிஜ யாகுசாக்களை உட்காரவைத்து மூன்றாம் பாகத்தை ஆடவிட்டு அபிப்பிராயம் கேட்டார். புத்தக விமர்சகனுக்கு இவ்வளவு தகுதி இருந்தால் நன்றாக இருக்கும்.

● அந்த மாதிரி விமர்சகர்கள் இனி கிடைப்பது கஷ்டம். ஜப்பான் போலீஸ் கணக்கில் யாகுசாக்கள் உச்சத்தில் இருந்தது 1963-ல், சுமார் 1,84,000 பேர். 2023 கடைசியில் சுமார் 20,400. 1992-ல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் ஆளை அடித்துப்போட்டது அதற்குப் பிறகு மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்த விலக்கு விதிகள், 2011 அக்டோபரில் நாடு முழுக்க வந்துவிட்டன. அந்த விதிகள் பிடிப்பது யாகுசாவை அல்ல, அவனோடு கொடுக்கல் வாங்கல் வைப்பவனை. விளைவு, அவன் வங்கிக் கணக்கு திறக்க முடியாது, செல்போன் வாங்க முடியாது, வாடகைக்கு வீடு கிடைக்காது. துப்பாக்கிக்கு அஞ்சாதவர்களை விண்ணப்பப் படிவம் சாய்த்தது. ஆறாம் பாகத்தின் கிரியூ சோர்ந்து தெரிவதற்கு வயசு மட்டும் காரணமில்லை. அவன் வாழ்ந்த உலகமே காலியாகிக்கொண்டிருக்கிறது. ஏழாம் பாகத்தில் கதையிலேயே பெரிய கும்பல்கள் தங்களைக் கலைத்துக்கொள்கின்றன.

● ஏழாம் பாகமா? ‘கடைசி’ என்றார்களே! சொன்னார்கள். கிரியூவுக்குத்தான் கடைசி, தொடருக்கு இல்லை. 2019 ஏப்ரல் முதல் தேதி, அடிதடி கேமை முறைவைத்து அடிக்கும் ஆட்டமாக மாற்றிய ஒரு வீடியோவை விட்டார்கள். முட்டாள்கள் தின விளையாட்டு என்று எல்லாரும் சிரித்துவிட்டுப் போனார்கள். 2020 ஜனவரியில் ஏழாம் பாகம் அப்படியேதான் வந்தது, இச்சிபான் கசுகா என்ற புது ஹீரோவோடு. அதிலும் நடுவில் ஒரு கதவு திறக்க, சாம்பல் நிறக் கோட்டும் மிளகாய்ச் சிவப்புச் சட்டையுமாக வந்து நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்?

2023 நவம்பரில் கிரியூவுக்கென்றே தனியாக ஒரு கேம், பெயரை அழித்துக்கொண்ட மனிதன் என்ற தலைப்பில். 2024 ஜனவரியில் ஹவாய்த் தீவில் இன்னொன்று. அதில் தலை நரைத்திருக்கிறது, உடம்பில் புற்றுநோய், சாவதற்குள் செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பழைய இடங்களைச் சுற்றுகிறான். நம் ஊர்ப் பாடகர்களின் கடைசிக் கச்சேரி அறிவிப்பைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

● ஆறாம் பாகம் எப்படி முடிகிறது? கிரியூ செத்துவிட்டான் என்று உலகத்தை நம்பவைக்கிறார்கள். அவன் ஒத்துக்கொள்வதே, ஒகினாவாவில் அவன் வளர்த்த பிள்ளைகளை இனி யாரும் தொடக் கூடாது என்பதற்காகத்தான். குழந்தை ஹருட்டோ முதல் அடி எடுத்து வைப்பதை தூரத்தில் நின்று பார்க்கிறான். கிட்டே போகவில்லை. பெயர்ப் பட்டியல் வருகிறது.

பிறகுதான் அந்த விசித்திரம். பட்டியல் ஓடி முடிந்ததும், ஊரில் சும்மா சுற்ற வேண்டுமானால் வா என்று கேம் கேட்கிறது. அமுக்கினேன். செத்தவன், தென்காயிச்சி தெரு வளைவுக்குக் கீழே ஒன்றுமே நடக்காதவன் போல நின்றுகொண்டிருந்தான். எல்லாத் துணைக் கதைகளையும் முடித்தால்தான் அமோன் என்ற ரகசிய எதிரி எட்டிப் பார்ப்பான், முதல் பாகத்திலிருந்து அந்தக் குடும்பத்தாருக்கு இதே வழக்கம். என் கணக்கில் இன்னும் பதினொன்று பாக்கி. போகிற வழியில் ஒரு பெட்டிக்குப் பின்னால் கறுப்புப் பூனை ஒன்று உட்கார்ந்து என்னையே பார்த்தது. பையில் தீனி இருந்தது. மணி இரண்டேமுக்கால்.